கல்லிடைக்குறிச்சி மண்ணில் கிடைத்தது புது நூற்புழுவா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சி வாழைத் தோட்டத்து மண்ணில் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்களைப் போட்டு வைத்தேன். செங்கல் நிறமாகிச் செத்தன, உள்ளிருந்து நூற்புழுக்கள் வந்தன. சராசரி நீளம் 520 மைக்ரான். பூச்சிகளைக் கொல்லும் நூற்புழு இனமான பாக்டீரியோபோராவுக்கு 588 என்று படித்தேன். இது புது இனமா? தாமிரபரணி பெயரை வைக்கலாமா?

பெயரைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். செங்கல் நிறம் வந்தாலே பெரும்பாலும் ஹெட்டரோராப்டிடிஸ் என்ற நூற்புழுப் பேரினம்தான் (பாக்டீரியோபோராவும் அதில் ஒன்று), அந்த நிறம் அது குடலில் சுமந்துவரும் போட்டோராப்டஸ் பாக்டீரியாவின் வேலை (இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்தால் செத்த புழு லேசாக ஒளிர்வதையும் பார்க்கலாம்). ஆனால் நீங்கள் ஒப்பிட்ட பாக்டீரியோபோரா 1976-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து விவரித்த இனம். கோயம்புத்தூரில் கிடைத்து 1992-இல் பாய்னர், கருணாகர், டேவிட் மூவரும் விவரித்த, அதே பேரினத்து இண்டிகாவை விட்டுவிட்டீர்களே! அதன் தொற்றும் இளம்புழு (பூச்சிக்குள் நுழையும் பருவம்) 479 முதல் 573 மைக்ரான், சராசரி 528. அது வெயில் தாங்கும் இனமும்கூட, நம்ம ஊரில் கிடைத்தால் ஆச்சரியமே இல்லை.

நீளத்தை மட்டும் நம்பவும் கூடாது. ஒரே பூச்சியிலிருந்து முதலில் வெளிவருபவை பெரிதாகவும், உள்ளே தீனி தீர்ந்தபின் கடைசியில் வருபவை சிறிதாகவும் இருக்கும். அதனால் முதல் இரண்டு மூன்று நாளில் வந்தவற்றில் குறைந்தது இருபதை, சுடுநீரில் கொன்று, அளந்து பாருங்கள். அப்புறம் இரண்டாம் தலைமுறை ஆண்களைப் பிடியுங்கள், முதல் தலைமுறை இருபாலி என்பதால் அதில் ஆணைத் தேடிப் பயனில்லை. ஆணின் கலவி முள்ளும் வாலைச் சுற்றிய சவ்வின் கதிர்களும்தான் இளம்புழுவைவிட அதிகம் பேசும்.

எல்லாவற்றையும் பார்மலினில் போட்டுவிடாதீர்கள், டிஎன்ஏ பாழாகும். ஒரு பங்கை 95 சதவீத ஆல்கஹாலில் வையுங்கள், ஆனால் அதை அளக்காதீர்கள், உடல் சுருங்கிவிடும். இனங்களைப் பிரித்தறிய உதவும் டிஎன்ஏ துண்டான ஐடிஎஸ் பகுதியை வரிசைப்படுத்தி ஒப்பிடும்போது தரவுத்தளத்தில் முதலில் வரும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், தப்புப் பெயரில் பதிவானவையும் அங்கே கிடக்கின்றன. மூல விவரிப்புக்கு உரிய வரிசையோடு பொருத்துங்கள்.

அதிலும் வேறுபாடு தெரிந்தால் கலப்புச் சோதனை: உங்கள் கன்னிப் பெண்புழுக்களை இண்டிகா ஆண்களோடு விடுங்கள், கூடவே உங்கள் ஆண்களோடு ஒரு தட்டும், ஆணே இல்லாமல் ஒரு தட்டும். வளமான குட்டிகள் வந்தால் அதே இனம், கதை முடிந்தது. ஹவாயில் 1994-இல் புதிதென்று விவரித்த ஹவாயியென்சிஸ்கூடப் பிறகு இண்டிகாவுக்குள்தான் போய்ச் சேர்ந்தது.

என் ஊகம், உங்களுடையதும் இண்டிகாதான். ஆனால் நெல்லைச் சூட்டில் வாழ்ந்த வகை என்பதால் வளர்ப்பை விட்டுவிடாமல், வாழைக் கிழங்குக் கூன்வண்டின் புழுக்கள்மேல் ஒருமுறை விட்டுப் பாருங்கள்.