குலைநோய்க்குப் புது மருந்து எப்போது வரும்?

கேள்வி: மன்னார்குடி வட்டத்தில் 15 மா, அதாவது ஐந்து ஏக்கர், சம்பா நெல் நடவு செய்திருந்தேன். ரகம் பி.பி.டி. 5204. மூன்று வருடமாகக் கழுத்துக் குலைநோய் விடாமல் வருகிறது. இந்த முறை கதிர் வெளியே வந்து கழுத்து கருக்க ஆரம்பித்ததும் மருந்து அடித்தேன். கேட்கவில்லை. ஐந்தாம் நாள் கடையில் வேறு மருந்து கேட்டு வாங்கி மறுபடி அடித்தேன். அதுவும் கேட்கவில்லை. டேங்குக்கு ஒரு மூடி கணக்கு, மாவுக்கு இரண்டு டேங்க். பாதிக் கதிர் பதராகப் போய்விட்டது. நோய் மருந்துக்குப் பழகிவிட்டது, இனி புது மருந்து வந்தால்தான் உண்டு, அதுவரை அளவை இரண்டு பங்காக்கி அடியுங்கள் என்கிறார் கடைக்காரர். புது மருந்து எப்போது வரும் சார்? அதுவரை இரண்டு பங்கு அடிக்கலாமா? இரண்டு டப்பாக்களின் படமும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வணக்கம் ஐயா. வளர்த்து ஆளாக்கிய பயிர் கதிர் வந்த பிறகு கண்ணெதிரே பதராவதைப் பார்ப்பது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். அதனால் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் டப்பாவில் சின்ன எழுத்தில் இருப்பது அசாக்சிஸ்ட்ரோபினும் டெபுகோனசோலும். இரண்டாவதில் அசாக்சிஸ்ட்ரோபினும் டைஃபெனகோனசோலும். கம்பெனி வேறு, பெயர் வேறு, டப்பாவின் நிறமும் வேறு. ஆனால் குலைநோய்ப் பூஞ்சாணத்துக்கு இரண்டும் ஒரே அடிதான். டெபுகோனசோலும் டைஃபெனகோனசோலும் ஒரே குடும்பம், அசாக்சிஸ்ட்ரோபின் இரண்டிலும் உண்டு. அதாவது நீங்கள் மருந்தை மாற்றவில்லை, டப்பாவைத்தான் மாற்றியிருக்கிறீர்கள். கடையில் மருந்து கேட்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, 'டெக்னிக்கல் என்ன?' என்று, அதாவது உள்ளே இருக்கும் மருந்துப் பொருள் எது என்று கேளுங்கள். ஸ்ட்ரோபின் என்று முடிந்தால் ஒரு குடும்பம், கோனசோல் என்று முடிந்தால் இன்னொரு குடும்பம். இவ்வளவு தெரிந்தாலே பாதி ஏமாற்றம் குறையும்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை வேண்டும். மூன்று மா ஓர் ஏக்கர் என்றால் மாவுக்கு 66 லிட்டர், 16 லிட்டர் டேங்கில் நான்கு டேங்க். நீங்கள் அடித்தது இரண்டு. டேங்குக்கு ஒரு மூடி என்று அளந்ததால் மருந்தும் பாதிதான் வயலுக்குப் போயிருக்கிறது. அந்தப் பாதியும் மேலிலையில் படிந்துவிடும், கழுத்துக்கு எங்கே போகும்? ட்ரோனில் அடிப்பவர்களுக்கு ஏக்கருக்குப் 10 லிட்டர் தண்ணீரே போதும், ஆனால் அதில் ஏக்கருக்கு உரிய மருந்து முழுவதும் இருக்க வேண்டும். எதில் அடித்தாலும் மருந்தை ஏக்கர் கணக்கில் அளந்துகொண்டு, அதன்பிறகு டேங்குகளுக்குப் பிரியுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். கழுத்து கருத்த பிறகு அடித்திருக்கிறீர்கள். இந்தப் பூஞ்சாணம் உள்ளே நுழையும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அது ஏன் வீண் என்று புரியும். மார்கழிப் பனியில் இலை நனைந்திருக்கும்போது அதன் வித்து, கண்ணுக்குத் தெரியாத விதை போன்ற துகள், வந்து விழுகிறது. நுனியில் பசை சுரந்து ஒட்டிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் முளைக்குழாய் விட்டு, அதன் முனையில் கவிழ்த்த கிண்ணம் போல ஓர் உறுப்பைக் கட்டுகிறது. அந்தக் கிண்ணத்தின் சுவருக்குள் மெலனின் என்ற கருப்புப் பூச்சு. உள்ளே கிளிசரால் சேரச் சேர அழுத்தம் ஏறுகிறது, கிட்டத்தட்ட 80 வளிமண்டலம் வரை. நம் மோட்டார் சைக்கிள் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 40 மடங்கு. அந்த அழுத்தத்தில்தான் ஊசி போன்ற ஒரு முளையை இலைக்குள் குத்தி இறக்குகிறது.

குலைநோய்க்கு அடிக்கும் ட்ரைசைக்ளசோல் என்ற பழைய மருந்து செய்வது ஒரே வேலை. அந்தக் கருப்புப் பூச்சு உருவாகாமல் தடுக்கும். பூச்சு இல்லாத கிண்ணம் ஒழுகிவிடும், அழுத்தம் ஏறாது, முளை இறங்காது. பூஞ்சாணத்தை அது கொல்வதில்லை. ஆகவே முளை உள்ளே இறங்கிய பிறகு அதை அடிப்பதில் பயன் இல்லை. மற்ற மருந்துகள் உள்ளே போன பூஞ்சாணத்தை ஓரளவு கட்டுப்படுத்தும், ஆனால் கருத்து நசிந்த கழுத்து மறுபடி பால் கடத்தாது.

ஆக, உங்கள் வயலில் நோய் மருந்துக்கு எதிர்ப்பு பெற்றுவிட்டது என்று சொல்ல இப்போதைக்கு ஆதாரம் இல்லை. தாமதம், பாதி அளவு, ஒரே குடும்ப மருந்து ஆகிய மூன்றுமே மருந்து கேட்காமல் போகப் போதுமான காரணங்கள். ஆனால் இதே வழியில் இன்னும் சில வருடம் போனால் எதிர்ப்பு நிச்சயம் வரும். அந்தக் கவலையில்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

எதிர்ப்பு என்றால் பூஞ்சாணம் மருந்தைக் குடித்துப் பழகுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விதை நெல் வயலில் கலப்பன், அதாவது கலந்து முளைத்த வேறு ரகப் பயிர், எடுப்பீர்கள் அல்லவா? அதைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும்? நல்ல பயிரை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, கலப்பனை மட்டும் அறுத்து விதைக்கு வைத்தால் அடுத்த வருடம் வயல் முழுவதும் கலப்பன்தான். கோடிக்கணக்கான வித்துகளில் எங்கோ ஒன்றிரண்டு பிறவியிலேயே மருந்துக்குச் சாகாதவையாக இருக்கும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் மற்றவை செத்து, அந்த ஒன்றிரண்டுக்கு வயலையே காலி செய்து கொடுத்தது போல ஆகிறது.

ஸ்ட்ரோபின் மருந்துகளின் கதையையே பாருங்கள். பைன் மரக் காய்களில் முளைக்கும் ஒரு சின்னக் காளானிலிருந்து 1977-இல் ஜெர்மனி விஞ்ஞானிகள் இதன் மூலப்பொருளைப் பிரித்தார்கள். வெயில் பட்டால் அது சிதைந்துவிடும். வெயில் தாங்கும்படி அதன் அமைப்பை மாற்றி மருந்தாகக் கடைக்குக் கொண்டுவர 1996 ஆனது. 1998-இலேயே ஜெர்மனியில் கோதுமைச் சாம்பல் நோயில் எதிர்ப்பு வந்துவிட்டது. இந்த மருந்து பூஞ்சாணத்தின் மூச்சில் ஒரே ஒரு மதகை அடைக்கிறது. பூஞ்சாணம் அந்த மதகில் ஒரே ஒரு கல்லை மாற்றிக்கொண்டது. ஒரு புரதத்தின் 143-ஆம் இடத்தில் கிளைசின் போய் அலனின் வந்தது, அவ்வளவுதான். அதன்பிறகு மருந்து என்ற ஷட்டர் அதில் பொருந்துவதில்லை. ஜப்பானில் நெல் குலைநோயிலும் இதே மாற்றம் வந்து, அங்கே இந்த மருந்து பல இடங்களில் செல்லாமல் போனது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஷட்டரே பொருந்தாத மதகில் இரண்டு ஷட்டர் போட்டு என்ன பயன்? காசும் போகும், நெல்லில் நஞ்சும் தங்கும். இரண்டு பங்கு அடிக்காதீர்கள். பாதி அளவும் அடிக்காதீர்கள். கோனசோல் குடும்பத்தில் எதிர்ப்பு ஒரே நாளில் வராது, படிப்படியாக ஏறும். அதற்குப் பாதி அளவு ஏணி வைத்துக் கொடுக்கும்.

ஜப்பானிலிருந்தே இன்னொன்று. கார்ப்ரோபமிட் என்ற மருந்தும் ட்ரைசைக்ளசோல் போல மெலனினைத்தான் தடுக்கும், ஆனால் வேறு ஒரு நொதியைப் பிடித்து. 1998-இல் வந்தது. நாற்றுப் பெட்டியில் ஒருமுறை போட்டால் வெகுநாள் பயிரில் நின்று காக்கும், எல்லோருக்கும் சௌகரியம். 2001-இல் க்யூஷு தீவில் எதிர்ப்பு வந்துவிட்டது. ட்ரைசைக்ளசோலோ 1970-களில் வந்த சரக்கு, இன்றுவரை வயலில் பெரிதாக எதிர்ப்பு வந்ததில்லை. பழையது என்பதற்காக ஒரு மருந்தைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இதுதான்.

சரி, புது மருந்து எப்போது வரும்? வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரே ஒரு புது மூலக்கூறு கடைக்கு வர ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சோதித்துக் கழிக்கிறார்கள். 11 வருடம் ஆகிறது, சுமார் 30 கோடி டாலர் செலவாகிறது. மண்ணில், தண்ணீரில், மீனில், தேனீயில், மனிதனில் என்ன செய்கிறது என்று பார்க்கவே பாதிக் காலம் போய்விடும். இப்போது ஆராய்ச்சி மூன்று வழிகளில் போகிறது. ஒன்று, பழைய மதகுக்கே புது ஷட்டர் செய்வது. மெட்டில்டெட்ராப்ரோல் என்ற மருந்தை, அந்த 143-ஆம் இடம் மாறிய பூஞ்சாணத்திலும் பொருந்தும்படி வடிவமைத்திருக்கிறார்கள். மெஃபென்ட்ரைஃப்ளுகோனசோல், கோனசோல் குடும்பத்திலேயே வளைந்து கொடுக்கும் கழுத்து உள்ள மூலக்கூறு. இரண்டாவது, இதுவரை யாரும் கை வைக்காத மதகைத் தேடுவது. இப்ஃப்ளுஃபெனோகுயின், குயினோஃபுமெலின் ஆகிய இரண்டும் பூஞ்சாணம் தன் மரபுப் பொருளைக் கட்டத் தேவையான பிரிமிடின் உற்பத்தியை நிறுத்துகின்றன. மூன்றாவது, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடம் கேட்பது. வாழையின் சிகடோகா இலைப்புள்ளிக்கும் கோதுமை நோய்க்கும் வந்த ஃபென்பிகாக்சமிட், ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் நுண்ணுயிர் தரும் பொருளிலிருந்து பிறந்தது. குலைநோய்க்கு நாம் அறிந்த காசுகாமைசினும் இந்த வகையில் வந்ததுதான்.

இதில் வயலைத் தாண்டிய ஒரு விஷயமும் உண்டு. மனிதர்களின் நுரையீரலைத் தாக்கும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சாணத்துக்காக ஓலோரோஃபிம் என்ற மருந்தை உருவாக்கி வருகிறார்கள். மேலே சொன்ன இப்ஃப்ளுஃபெனோகுயின் பிடிக்கும் அதே நொதியைத்தான் அதுவும் பிடிக்கிறது. வயலில் தாறுமாறாக அடித்து எதிர்ப்பு வளர்ந்தால், ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கும் மருந்து கேட்காமல் போகலாம் என்று மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். நம் கையில் இருக்கும் டப்பாவுக்கு அவ்வளவு தூரம் பொறுப்பு இருக்கிறது ஐயா.

அடுத்த சம்பாவுக்கு நான் சொல்வது இது. முடிந்தால் ரகத்தை மாற்றுங்கள். பி.பி.டி. 5204 நல்ல விலை போகும் சன்ன ரகம், மறுக்கவில்லை. ஆனால் குலைநோய்க்கு அது வாசலைத் திறந்து வைத்த வீடு. அதற்கு மாற்றாக வந்த டி.கே.எம். 13 குலைநோயை ஓரளவு தாங்கும். முழுவதும் மாற்ற மனம் வராவிட்டால் ஐந்து மாவில் போட்டுப் பாருங்கள். விதைக்கும் முன் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூள் கலந்து நேர்த்தி செய்யுங்கள். யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். பயிர் கருகருவென்று நிற்பது கண்ணுக்கு அழகுதான், பூஞ்சாணத்துக்கோ அது விருந்து. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, தேவை இல்லை என்றால் மேலுரத்தைத் தள்ளிப் போடுங்கள். பனியும் மேகமும் சேர்ந்த வாரத்தில் யூரியா வேண்டவே வேண்டாம்.

தூர் கட்டும் பருவத்தில் இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு தெரிந்தால் ஐசோப்ரோதியோலேன் ஏக்கருக்கு 300 மில்லி. அறுவடைக்கு முன் வெகுநாள் இடைவெளி வேண்டிய மருந்து அது, கதிர்ப் பருவத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். அப்புறம் கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும் தொண்டைக் கதிர் பருவத்தில், நோய் தெரிகிறதோ இல்லையோ, ட்ரைசைக்ளசோல் 75 சதத் தூள் ஏக்கருக்கு 200 கிராம். கழுத்து வெளியே வரும் முன்பே மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்தும் பனி விடவில்லை என்றால் மட்டும், நீங்கள் வாங்கிய ஸ்ட்ரோபின்-கோனசோல் கலவையை ஒரே ஒரு தடவை, லேபிளில் உள்ள முழு அளவில். பருவத்துக்கு ஒன்றுக்கு மேல் அதைத் தொடாதீர்கள். எந்த மருந்தானாலும் அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வித்து காற்றில் பறக்கும், வரப்போடு நிற்காது. நீங்கள் மட்டும் மாற்றி அடித்து, உங்கள் வாய்க்காலில் பாயும் மற்றவர்கள் ஒரே மருந்தை அடித்தால் பலன் பாதிதான். நடவு முடிந்ததும் நாலு பேர் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரு மூலையில் நாலு குழி, அதாவது ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலான இடத்தை மருந்து அடிக்காமல் விட்டு வையுங்கள். அறுவடையில் அந்த இடத்தையும் மற்ற இடத்தையும் ஒப்பிட்டால் மருந்து வேலை செய்ததா என்று உங்கள் வயலே சொல்லிவிடும். ஒப்பிடும்போது வெள்ளைக் கதிர் எல்லாவற்றையும் குலைநோய்க் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கதிரைப் பிடித்து இழுங்கள். கையோடு வந்து, அடித்தண்டில் கடித்த அடையாளம் இருந்தால் அது தண்டுத் துளைப்பான், பூஞ்சாண மருந்து அதை ஒன்றும் செய்யாது. இழுத்தால் வராமல், கழுத்தில் கருப்பு வளையம் இருந்து அந்த இடத்தில் ஒடிந்தால் அது குலைநோய்.

சரியான நேரத்தில், முழு அளவில், மருந்தை மாற்றி அடித்தும் கேட்கவில்லை என்றால் அப்போது எதிர்ப்பைச் சந்தேகிக்கலாம். கழுத்து கருத்த 20 கதிர்களை, வயலின் பல இடங்களிலிருந்து, கழுத்துக்கு ஒரு சாண் கீழே வைத்து வெட்டுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வேர்த்து வேறு பூஞ்சாணம் ஏறிவிடும், செய்தித்தாளில் சுற்றுங்கள். ரகம், அடித்த மருந்தின் டெக்னிக்கல் பெயர், அளவு, தேதி எல்லாம் ஒரு தாளில் எழுதி, நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.