வீடும் வளவும்: மெசினைக் கிணற்றுக்குள் இறக்கலாமா?

கேள்வி: அக்கா, எங்களிடம் 2 அங்குல மண்ணெண்ணெய் மெசின் இருக்கிறது. பங்குனி வரைக்கும் நன்றாக இறைத்தது. ஆவணி பிறந்ததும் மெசின் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. பப்பாசியும் கத்தரியும் வாடுகின்றன. மெசினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் பத்தடி இறக்கினால் சரிவரும் என்று பக்கத்து வளவு அண்ணன் சொல்கிறார். இறக்கலாமா? இல்லாவிட்டால் பெரிய மெசின் வாங்கவா?
– வாசகர், மாங்குளம்

பதில்: இறக்க வேண்டாம் தம்பி. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

2014 வறட்சியில் தருமபுரத்தில் எங்கள் கிணறும் இப்படித்தான் கீழே போனது. வீட்டுக்காரர் கிணற்றின் உள்ளே பலகை கட்டி மெசினை அதில் வைத்தார். தண்ணீர் வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். மெசினை நிறுத்த அவர் இறங்கியபோது பாதி வழியிலேயே கை தளர்ந்துவிட்டது. இடுப்பில் கயிறு கட்டியிருந்தபடியால் நானும் மகனும் இழுத்தெடுத்தோம். வாந்தி எடுத்தார், இரண்டு நாள் தலையிடி. அந்தக் கயிறு இல்லையென்றால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மெசின் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெளியில் என்றால் காற்றோடு போய்விடும், கிணற்றுக்குள் அப்படியே தேங்கி நிற்கும். விளக்கை இறக்கிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். விளக்கு அணைந்தால் ஒட்சிசன் குறைவு என்று தெரியும். அணையாவிட்டால் நஞ்சு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அதை விளக்கு காட்டாது. ஒருவர் உள்ளே மயங்கிவிட்டால் காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். அந்த அண்ணனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்.

சரி, தண்ணீர் ஏன் வரவில்லை? தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். மெசின் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து அதற்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான். அந்த அழுத்தத்தால் கணக்குப்படி 34 அடி வரைக்கும் தண்ணீரை ஏற்றலாம். குழாயின் உராய்வும் மற்றச் சேதாரங்களும் போக, 25 அடியைத் தாண்டினால் நம்பக் கூடாது. பெரிய மெசினுக்கும் இதே கணக்குத்தான். காசைக் கொட்டிவிட்டு வந்து அதே கிணற்றங்கரையில் நிற்பீர்கள்.

அதனால் கடைக்குப் போக முன் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குங்கள். மெசினின் வாயிலிருந்து தண்ணீர் மட்டம் வரைக்கும் எத்தனை அடி என்று பாருங்கள். 25 அடிக்குள் இருந்தால் மெசினைக் குறை சொல்லாதீர்கள், பிழை குழாயில்தான் இருக்கும். முதலில் புட்வால்வை, அதாவது குழாயின் அடி நுனியில் தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வை, தூக்கிப் பாருங்கள். கோடையில் சருகும் பாசியும் அதன் சல்லடையை அடைத்துவிடும். உள்ளே இருக்கும் றப்பர் தேய்ந்திருந்தால், மெசினை ஓட்ட முன் குழாய்க்குள் ஊற்றிய தண்ணீர் எல்லாம் கீழே ஓடிவிடும். குழாயை நிரப்பிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் வால்வை மாற்றுங்கள். நிரப்புவதிலும் அவசரப்படக் கூடாது. 30 அடி நீளமான 2 அங்குலக் குழாய்க்கு 18 லீற்றருக்கு மேல் வேண்டும். பலர் ஒரு வாளியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அப்புறம் மூட்டுகள். உறிஞ்சும் பக்கத்து மூட்டில் ஓட்டை இருந்தால், மெசின் ஓடும்போது வெளியே சொட்டாது, காற்றைத்தான் உள்ளே எடுக்கும். ஆகவே கண்ணில் படாது. பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி இழுத்து இறுக்கிச் சுற்றுங்கள். எங்கள் குழாயில் அந்தச் சுற்று மூன்று வருடமாக நிற்கிறது. புட்வால்வ் தண்ணீருக்குள் ஓரடியாவது அமிழ்ந்திருக்க வேண்டும். அடிச்சேற்றில் முட்டவும் கூடாது.

ஆழம் 25 அடியைத் தாண்டிவிட்டதென்றால், மின்சாரம் உள்ள வீட்டுக்குத் தண்ணீருக்குள் மூழ்கும் மோட்டர்தான் வழி. வயர் வேலையை அது தெரிந்தவரிடம் விடுங்கள். அதுவரைக்கும் வாளியால் அள்ளி, பின்னேரத்தில் செடிகளின் அடியில் ஊற்றுங்கள். அடியைச் சுற்றிச் சருகு போட்டு மூடினால் ஈரம் நிற்கும்.

கேள்வி: மீள்குடியேறியபோது கிடைத்த மண்வெட்டிதான் இன்னும் இருக்கிறது. கொத்தினால் இடுப்பு விட்டுப்போகிறது, கையில் கொப்புளம். வீட்டில் ஆண்துணை இல்லை, எல்லாம் நானேதான். இதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கட்டா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: எறியாதீர்கள் தங்கச்சி. 2010இல் நாங்கள் வந்தபோது எனக்கும் ஒரு மண்வெட்டி, கத்தி, கோடாலி, அலவாங்கு கிடைத்தன. காடாய்க் கிடந்த வளவை அவற்றை வைத்துத்தான் வெளியாக்கினேன். இரும்பு நல்ல இரும்பு, பிடிதான் எனக்கு ஒத்துவரவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். கட்டைப் பிடி குனியவைக்கும், இடுப்பு நோவு அதிலிருந்துதான் வரும். உங்கள் உயரத்துக்கு ஒரு சாண் நீட்டிப் பாருங்கள்.

வேலியில் நேராக நிற்கும் பூவரசு அல்லது வேப்பங்கொம்பை வெட்டி, நிழலில் நன்றாகக் காயவைத்துச் செதுக்குங்கள். பச்சைத் தடியைப் போட்டால் காய்ந்ததும் ஆடும். ஆடுகிற மண்வெட்டியை இரவு தண்ணீருக்குள் போட்டு வைப்பார்கள், மரம் ஊறி இறுகும். ஆனால் மறுநாள் வெயிலில் பழையபடிதான். காய்ந்த மரத்தில் ஆப்பு அடித்து இறுக்குங்கள். பிடியைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, மணல் தாள் போட்டுத் தேய்த்துத் தேங்காயெண்ணெய் பூசினால் கொப்புளம் குறையும். சுரண்டும்போது கண்ணாடியைத் தடித்த துணியால் பிடியுங்கள்.

வாயைத் தீட்டுகிறீர்களா? எங்கள் கிரவல் மண்ணில் இரண்டு நாளில் மழுங்கிவிடும். ஓர் அரம் வாங்குங்கள், அந்தச் செலவு வீண்போகாது. உள்பக்கமாக மட்டும் ஒரே சாய்வில் அராவுங்கள். நான் காலையில் கொத்தப் போகுமுன் பத்து இழுப்பு இழுப்பேன். காய்ந்த மண்ணோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். முதல் நாள் பின்னேரம் தண்ணீர் தெளித்துவிட்டு விடியக் கொத்துங்கள், இல்லையென்றால் ஐப்பசி மழையின் முதல் ஈரம் வரட்டும்.

கேள்வி: களைநாசினி அடித்த பழைய முதுகு ஸ்பிரேயர் ஒன்று இருக்கிறது. நன்றாகக் கழுவிவிட்டு வெண்டிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் தெளிக்கலாமா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: கூடாது. குழாய்க்கும் வோசருக்கும் உள்ளே மருந்து ஊறியிருக்கும், எத்தனை தரம் கழுவினாலும் மிச்சம் நிற்கும், செடி கருகும். அந்தத் தாங்கிக்குச் சிவப்பு மை பூசி, களைநாசினிக்கு மட்டும் என்று ஒதுக்கிப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் தூக்கி வையுங்கள். வெண்டிக்குப் பூவாளி போதும்.