எத்தனை விசில்? – குழந்தைச் சமையலும் குக்கரும்: கேள்வி பதில்

(ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சமைக்க, முதன்முறையாகக் குக்கரைத் தொடுகிறவர்கள் கேட்டவை. குழந்தையின் எடை, பசி, அலர்ஜி பற்றிய கேள்விகளை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இங்கே குக்கர் மட்டும்.)

நிலா அம்மா: அக்கா, பாப்பாவுக்கு எட்டு மாசம். அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்து வைக்கணும். எங்ககிட்ட 5 லிட்டர் குக்கர்தான் இருக்கு. மூணு ஸ்பூன் அரிசி போட்டா அடி பிடிச்சுடுது. என்ன தப்பு?

பதில்: தப்பு உங்கள் கையில் இல்லை, அளவில் இருக்கிறது. 5 லிட்டர் குக்கரின் அடித்தட்டு அகலம். மூன்று மேசைக்கரண்டி அரிசி அதில் ஒரு மெல்லிய படலமாகப் பரவும். அதற்கு ஊற்றும் ஒரு டம்ளர் தண்ணீர் சீக்கிரமே ஆவியாகிக் குறைந்துவிடும். பிறகு கருகாமல் என்ன செய்யும்?

குழந்தைக்கான சின்ன அளவை எப்போதும் பாத்திரத்துக்குள் பாத்திரமாக வையுங்கள். குக்கரின் அடியில் 2 டம்ளர் தண்ணீர் (ஏறத்தாழ 400 மில்லி). அதில் ஓட்டைத் தட்டு. அலுமினியக் குக்கர் என்றால் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைத் தோலோ கொஞ்சம் புளிச் சக்கையோ போடுங்கள், உள்பக்கம் கறுக்காது. தட்டின் மேல் சின்ன எவர்சில்வர் கிண்ணம். அதில் அரிசி 2 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி, கழுவி இருபது நிமிடம் ஊறவைத்தது, தண்ணீர் 1 டம்ளர் (200 மில்லி), மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. பாதிக்கு மேல் நிரம்பாத கிண்ணமாக எடுங்கள். மேலே ஒரு தட்டைச் சும்மா வையுங்கள், இறுக்கி மூட வேண்டாம். உப்பு வேண்டாம், ஒரு வயது வரை.

குக்கர் மூடியில் ஆவி சீராக வரத் தொடங்கியதும் வெயிட் போடுங்கள். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து 10 நிமிடம். அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும் வரை காத்திருங்கள். அது இன்னொரு பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆகும். அந்த நேரத்திலும் உள்ளே வேகிறது, வீணாகவில்லை. பிறகு கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, அரைத் தேக்கரண்டி நெய்.

இன்னொன்று. மூடியைப் போடும் முன், அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஆவி போகும் குழாயின் ஓட்டை வழியாகப் பாருங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். இதை இன்று பத்து முறையாவது சொல்வேன்.

கோவை அப்பா: அதே கேள்விதான் அக்கா, ஆனா துவரம்பருப்பு. எத்தனை விசில்?

பதில்: அரை மணி நேரம் ஊறவைத்து, கிண்ணத்தில் வைத்தால் சிம்மில் 12 முதல் 15 நிமிடம். விசிலை விடுங்கள், தம்பி.

தர்ஷினி: ஆப்பிளை வேகவெச்சுக் கொடுக்கச் சொன்னாங்க. ஆறு மாசம். எத்தனை விசில்?

பதில்: தோல், விதை நீக்கி நாலாக நறுக்கி, கிண்ணத்தில் 2 மேசைக்கரண்டி தண்ணீருடன் வைத்து, முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 3 நிமிடம். குக்கருக்குள் நேராகப் போடாதீர்கள். ஆப்பிள் நுரைத்து, அதன் துணுக்கு ஆவிக்குழாயில் போய் ஒட்டும். ஆப்பிள் மட்டுமல்ல, ஜவ்வரிசி, ஓட்ஸ், சேமியா, ராகி மாவு எல்லாம் இதே ரகம். ராகிக் கூழை வாணலியில் செய்யுங்கள்: 2 மேசைக்கரண்டி மாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிம்மில் கிளறிக்கொண்டே 6 முதல் 8 நிமிடம். பச்சை வாசனை போய், மேலே பளபளப்பு வந்தால் இறக்கலாம்.

கார்த்திக், திருச்சி: ஒவ்வொரு கேள்விக்கும் விசில் வேண்டாம், நிமிடம் என்கிறீர்கள். எங்கள் அம்மா நாற்பது வருடமாக விசில் எண்ணித்தான் சமைக்கிறார். குழந்தைகள் எல்லோரும் நன்றாக வளர்ந்தோம். நீங்கள் சொல்வது தேவையில்லாத குழப்பம்.

பதில்: நல்ல சண்டை. கொஞ்சம் உட்காருங்கள்.

குக்கருக்குள் என்ன நடக்கிறது? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து அங்கேயே நின்றுவிடும். மூடிய குக்கரில் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ கூடுதலாக அழுத்தம் ஏறுவதால், தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில் போய்த்தான் கொதிக்கிறது. அந்த அளவுக்கு மேல் ஏறும் அழுத்தத்தை வெயிட் தூக்கி வெளியே விடுகிறது. அந்தச் சத்தம்தான் விசில். விசில் என்பது வேகும் ஒலி அல்ல, மிச்ச ஆவி வெளியேறும் ஒலி.

பெரிய அடுப்பை முழுசாகத் திறந்து வையுங்கள். நாலு நிமிடத்தில் ஐந்து விசில் வரும். அதே குக்கரைச் சிம்மில் வையுங்கள். எட்டு நிமிடத்தில் இரண்டு விசில்தான் வரும், சில நேரம் அதுவும் வராமல் 'ஸ்ஸ்' என்று சன்னமாக இருக்கும். உள்ளே வெப்பம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஐந்து விசில் வந்த பருப்பு நாலு நிமிடம் வெந்தது, இரண்டு விசில் வந்தது எட்டு நிமிடம் வெந்தது. எது நன்றாக மசியும்?

அதுமட்டுமல்ல, ஒவ்வொரு பெரிய விசிலும் குக்கர் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே எறிகிறது. மேடையில் தெறிக்கும் மஞ்சள் தண்ணீரைப் பார்த்திருப்பீர்களே.

கார்த்திக், திருச்சி: அப்போ எங்கள் அம்மாவின் கணக்கு எப்படிச் சரியாக வருகிறது?

பதில்: ஏனென்றால் அவர் தினமும் அதே குக்கர், அதே பர்னர், அதே இரண்டு ஆழாக்கு அரிசி. அந்த அடுப்படியில் மூன்று விசில் என்பது உண்மையிலேயே ஒரு கடிகாரம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கடிகாரத்தை அடுத்த வீட்டுக்குக் கடன் கொடுக்க முடியாது. 2 லிட்டர் குக்கர், இன்டக்‌ஷன் அடுப்பு, மூன்று ஸ்பூன் பருப்பு வைத்திருக்கிற மருமகளிடம் "மூணு விசில் விடு" என்றால் அவர் தவிப்பார். குழந்தைக்கு வேகாத பருப்பு வயிற்றைப் பிடிக்கும் என்று பழியும் அவர் மேல் வரும்.

ஜமீலா: நான் கார்த்திக் பக்கம். சிம்மில் வைத்தால் அழுத்தம் இறங்கிவிட்டதா என்று எப்படித் தெரியும்? விசில் வந்தால்தானே நம்பிக்கை?

பதில்: நியாயமான கேள்வி. வெயிட் பக்கத்தில் காது கொடுத்தால் சன்னமான சீறல் கேட்கும், வெயிட் லேசாக ஆடும். அது போதும். சத்தமே இல்லை, வெயிட் மரம் போல இருக்கிறது என்றால் சிம் ரொம்பக் குறைவு. ஒரு நூல் கூட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு விசில் வருகிற அளவில் தீ இருந்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் சம்மதம்.

கார்த்திக், திருச்சி: சரி, கிச்சன் டைமர் வாங்கிவிடுகிறேன். அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

ஊட்டி வாசகர்: இந்த நிமிடக் கணக்கு இங்கே சரிப்படவில்லை. பருப்பு நறுக்நறுக்கென்று இருக்கிறது.

பதில்: இதைக் கேட்க யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் வெளிக்காற்றைவிட 1 கிலோ கூடுதல் அழுத்தம் தருகிறது என்றேன் அல்லவா? வெளிக்காற்றே மெலிந்திருப்பதால், குக்கருக்குள் 120க்குப் பதிலாக 116 அளவில்தான் நிற்கும். ஆகவே நேரத்தைக் கூட்டுங்கள். 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வழக்கமாகக் கணக்கு வைப்பார்கள். உங்களுக்கு அது நூற்றுக்கு 27. பத்து நிமிடத்தை பதின்மூன்றாக்குங்கள். பருப்பை ஊறவைக்கும் நேரத்தையும் ஒரு மணியாக்குங்கள். மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பதே பெரும்பாடு.

பிரியா: அக்கா கேரட் எத்தனை விசில்?

பதில்: முதல் விசிலோடு சிம், 3 நிமிடம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினால் நசுங்க வேண்டும். நசுங்காத கேரட்டைக் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

அருணா: உருளைக்கிழங்கு எத்தனை விசில்?

பதில்: நாலாக நறுக்கியது 6 நிமிடம், முழுசு 10. மேலே உள்ளதை ஒரு முறை படித்துவிட்டுக் கேளுங்கள், அம்மா.

சுமி: பூசணி எத்தனை…

பதில்: 2 நிமிடம். நிமிடம்.

மாலதி: மூடி ஓரமாக ஆவி போகுது. விசிலே வரல. பக்கத்து வீட்டு அக்கா கோதுமை மாவைப் பிசைஞ்சு ஓரத்துல ஒட்டச் சொன்னாங்க.

பதில்: மாவு ஒட்டாதீர்கள். ஆவி போகிற இடத்தை நாமே அடைப்பது குக்கரில் செய்யக்கூடாத வேலை. கேஸ்கட் (மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம்) இழுபட்டு லூசாகி இருக்கும், அல்லது காய்ந்து கட்டியாகி இருக்கும். விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். வெறுமனே லூசாக இருந்தால் ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் சுருங்கி அன்றைய சமையலுக்கு ஓடும், அதற்கு மேல் நம்பாதீர்கள். புது கேஸ்கட்டை அதே கம்பெனி, அதே மாடல் எண் பார்த்து வாங்குங்கள். மூடியின் விளிம்பிலும் பாத்திரத்தின் விளிம்பிலும் காய்ந்த சாதம் ஒட்டியிருந்தாலும் இப்படி ஆவி போகும், அதை முதலில் பாருங்கள். கூடவே அந்த ஓட்டையையும், வெளிச்சத்தில்.

ரவி: சேஃப்டி வால்வு 'டப்'னு போயிடுச்சு. வேறு ஏதாவது வெச்சு அடைச்சு இன்னிக்குச் சமாளிக்கலாமா? குழந்தை அழறான்.

பதில்: கூடாது. சமாளிக்கவே கூடாது. திறந்த பாத்திரத்தில் சாதம் குழைய வையுங்கள், முக்கால் மணியில் ஆகிவிடும்.

அந்த வால்வில் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகத் துண்டு இருக்கிறது. அது போனது என்றால் இரண்டில் ஒன்று: அடியில் தண்ணீர் வற்றிவிட்டது, அல்லது ஆவிக்குழாய் அடைத்துவிட்டது. வால்வு தன் வேலையைச் செய்து உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. எடை வைத்த சேஃப்டி வால்வே, 17ஆம் நூற்றாண்டில் டெனி பப்பான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி செய்த குக்கருக்காக உருவானதுதான். புது வால்வு போடும் முன் குழாயில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி, தண்ணீர் ஊற்றி, அது தாராளமாக வெளியேறுகிறதா பாருங்கள். அடைப்பைப் பார்க்காமல் வால்வை மட்டும் மாற்றினால் அடுத்ததும் போகும்.

விமலா: விசில் அடங்கும் வரைக்கும் காத்திருக்க நேரம் இல்லை. கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடலாமா?

பதில்: பருப்பு, கஞ்சி, குழம்பு எதுவாக இருந்தாலும் கூடாது. அழுத்தம் சட்டென்று இறங்கினால் உள்ளே இருப்பது ஒரே நொடியில் பொங்கி, குழாய் வழியே கஞ்சியாகச் சீறும். பக்கத்தில் குழந்தை நின்றால் முகத்துக்கு நேராக. அவசரம் இருந்தால் பத்து நிமிடம் முன்னதாக அடுப்பைப் பற்றவையுங்கள்.

அதே விமலா: நடந்து பழகுகிற பையன், அடுப்படிக்கே வந்து நிற்கிறான்.

பதில்: அவனை வெளியே நிறுத்துவது முதல் வேலை, குக்கர் இரண்டாவது. இரட்டை அடுப்பில் மேடையின் ஓரத்துக்குத் தூரமான பர்னரில் வையுங்கள். கைப்பிடி சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கட்டும். 3 லிட்டர் குக்கரைப் பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் தீ பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியையும் கேஸ்கட்டையும் தீய்க்கும், சின்ன பர்னரே போதும். ஆவி பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். டூத்பேஸ்ட், இங்க், நெய், ஐஸ் எதுவும் போடாதீர்கள். சின்னக் குழந்தைக்கு எந்த ஆவிக் காயமானாலும் நேரே ஆஸ்பத்திரிக்கு. வாகனம் இல்லையென்றால் 108.

சங்கீதா, டொரன்டோ: 'இன்ஸ்டன்ட் பாட்' என்கிற எலக்ட்ரிக் குக்கரில் அதே அரிசி-பருப்பு?

பதில்: அதில் அழுத்தம் நம்ம ஊர்க் குக்கரைவிடக் கொஞ்சம் குறைவு. அடியில் 1½ கப் தண்ணீர், கிண்ணத்தில் அதே அளவு, ஹை பிரஷரில் 12 நிமிடம், தானாக அடங்கப் பத்து நிமிடம். சீல் செய்யும் ரப்பர் வளையத்தில் சாம்பார் வாசனை ஏறிவிடும். குழந்தைக்கென்று ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தீபா: இட்லி குக்கரில் வைத்தால் கல்லாகுது.

பதில்: வெயிட் போட்டுவிட்டீர்கள். இட்லிக்கு வெயிட் கிடையாது. ஆவி வந்ததிலிருந்து 10 முதல் 12 நிமிடம், அவ்வளவே.

கவிதா: காலையில் வைத்த சாதத்தை மசித்து மத்தியானமும் இரவும் கொடுக்கலாமா?

பதில்: வெளியே வைத்திருந்தால் கூடாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதிக்கவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பான சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து நஞ்சாகும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வெந்ததைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணிக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளுக்கு மேல் வேண்டாம். ஒரு முறைதான் சூடாக்க வேண்டும், ஆவி பறக்கிற அளவுக்கு. குழந்தை எச்சில் பட்ட மிச்சத்தை எடுத்துவைக்காதீர்கள்.

ஹேமா: சூடாகவே மிக்ஸியில் அடித்தேன், மூடி பறந்துபோச்சு.

பதில்: ஆவி அடைபட்டால் மிக்ஸி ஜாரும் குக்கர்தான், வால்வு இல்லாத குக்கர். ஆறவிட்டு அரையுங்கள். எட்டு மாதத்துக்கு மேல் மிக்ஸியே வேண்டாம், மத்தால் மசித்துக் கொஞ்சம் கட்டியோடு கொடுங்கள். மெல்லப் பழகட்டும்.

ஒரு அப்பா: தேன் சேர்க்கலாமா?

பதில்: ஒரு வயதுக்குள் கூடாது.

லதா: கொண்டைக்கடலை எத்தனை விசில்?

பதில்: …ராத்திரி முழுக்க ஊறினது, சிம்மில் 20 நிமிடம். முழுசாகக் கொடுக்காதீர்கள், மசித்துக் கொடுங்கள். தொண்டையடைப்பு ஆபத்து.

புது அம்மா: கேள்வி குக்கரைப் பற்றித்தான். ஒன்றரை வயசுப் பையன் வெயிட்டை எங்கேயோ போட்டுட்டான். எதிர் வீட்டு வெயிட்டை வாங்கி மாட்டலாமா? உட்காருது.

பதில்: உட்கார்ந்தாலும் மாட்டாதீர்கள். எடையும் ஓட்டை அளவும் மாடலுக்கு மாடல் வேறு. கனமான வெயிட் மாட்டினால் அழுத்தம் வேண்டியதற்கு மேல் ஏறும். அதே மாடலுக்குத் தனியாக வாங்கலாம், விலை அதிகமில்லை. வாங்கும் முன் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்.