பிள்ளை பார்க்கவா அமெரிக்கா போகணும்?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கரூரில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2011 கோடையில் அமெரிக்காவில், மேய்ன் மாநிலத்தில் சிறுமிகள் விடுமுறையில் வந்து தங்கும் கோடை முகாம் ஒன்றில் கவுன்சிலராக வேலை பார்த்ததாகப் பழைய கட்டுரை ஒன்றில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம். எனக்கும் அடுத்த கோடையில் அப்படிப் போக ஆசை. இங்கே ஒரு ஏஜென்ட் இரண்டரை லட்சம் கேட்கிறார். "போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், அப்புறம் அங்கேயே ஏதாவது வேலையில் ஒட்டிக்கொள்ளலாம்" என்கிறார். அப்பா பெட்ஷீட் ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "வாத்தியாருக்குப் படிக்கவைத்தது ஊரான் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா அனுப்பவா?" என்கிறார். கவுன்சிலர் என்றதும் பாட்டி வார்டு எலெக்‌ஷன் என்றே நினைத்துவிட்டார். நான் சைவம். நீச்சலும் தெரியாது. அங்கே உண்மையில் என்னதான் வேலை? போகலாமா அக்கா?

(பெயர் வேண்டாம்), கரூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவர் சொன்னது பொய். முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலர்களுக்கு அமெரிக்கா தருவது ஜே-1 விசா. அதிகபட்சம் 4 மாதம், அதற்குமேல் நீட்டித்துத் தரமாட்டார்கள். வேலை முடிந்தபின் ஊர் சுற்றிப் பார்க்க 30 நாள் உண்டு. அந்த நாட்களில் எந்த வேலையும் செய்யக் கூடாது. "ஒட்டிக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பிப் போய் மாட்டிக்கொண்டால், வாழ்நாளுக்கும் விசா கேட்டு நிற்கும் இடத்திலெல்லாம் அந்தக் கறை கூடவே வரும். இரண்டரை லட்சத்தை அவரிடம் கொடுக்காதீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனங்களின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. நேரே அவர்களுக்கு எழுதுங்கள். எதற்கு எவ்வளவு கட்டணம் என்று அவர்களே சொல்லியாக வேண்டும். டிஎஸ்-2019 என்ற படிவத்தை அவர்கள் கொடுத்தால்தான் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கே போக முடியும். 18 வயது நிரம்பிய மாணவர்கள், ஆசிரியர்கள், பிள்ளைகளோடு வேலை செய்து பழகியவர்கள் போகலாம். பி.எட். படிக்கும் உங்களுக்குத் தகுதி இருக்கிறது. இதில் இடைத்தரகருக்கு வேலையே இல்லை.

அந்தப் படிவத்தில் என்ன பிரிவு என்று அச்சாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கவுன்சிலர் பிரிவில் போகிறவரைச் சமையல், பாத்திரம் கழுவுதல், கூட்டிப் பெருக்குதல், ஆபீஸ் வேலை எதற்கும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. நான் இருந்த வருடம், எங்களுக்குப் பக்கத்து முகாமுக்கு வந்த ஒரு பெண்ணைச் சமையலறையில் தட்டுக் கழுவ நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் பேசாமல் கழுவினாள். யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஸ்பான்சருக்குப் போன் போட்டாள், மூன்றாம் நாளே மாற்றிவிட்டார்கள். ஸ்பான்சரின் அவசர எண்ணை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். காட்டுக்குள் போனில் சிக்னல் இருக்காது.

சரி, வேலைக்கு வருவோம்.

மேய்னில் ஏரிகள் ஏராளம். அந்த ஏரிக்கரைகளில்தான் முகாம்கள் இருக்கின்றன. ஜூன் கடைசியில் பிள்ளைகள் வருவார்கள், ஆகஸ்ட் நடுவில் போவார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே நமக்குப் பயிற்சி. மரத்தால் கட்டிய கேபின், கம்பிவலை போட்ட ஜன்னல், இரட்டை அடுக்குக் கட்டில்கள். என் கேபினில் ஒன்பது, பத்து வயதுச் சிறுமிகள் பத்துப் பேர். நானும் ஓர் அமெரிக்கப் பெண்ணும் கவுன்சிலர்கள். காலையில் பியூகிள் ஊதி எழுப்புவார்கள், எல்லோரும் கொடிக்கம்பத்துக்கு ஓட வேண்டும். அப்புறம் படகு, வில் அம்பு, கைவேலை, நீச்சல். இரவு விளக்கணைக்கும்போது 'டாப்ஸ்' என்ற மெட்டை ஊதுவார்கள். 1862-ல், உள்நாட்டுப் போரின் நடுவே, அந்த நாட்டு ராணுவத்தில் உருவான மெட்டு அது. முகாம் வழக்கமே அந்தப் போரோடு வந்ததுதான். 1861-ல் கனெக்டிகட்டில் பள்ளி நடத்திய ஃபிரடெரிக் வில்லியம் கன் என்ற ஆசிரியர், சிப்பாய்களைப் போல் வாழ ஆசைப்பட்ட தன் மாணவர்களைக் கடற்கரைவரை நடத்திக் கூட்டிப்போய்க் கூடாரமடித்துத் தங்கவைத்தார். அமெரிக்காவின் முதல் கோடை முகாம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இதைத் தொடங்கிவைத்தவர் ஒரு வாத்தியார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பகல் வேலையை யாரும் கற்றுக்கொள்ளலாம். உண்மையான வேலை இரவில்தான்.

மூன்றாம் நாள் விடியற்காலை ஒரு சிறுமி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அடிக்கட்டில். போர்வையைக் கழுத்துவரை இழுத்துச் சுற்றிக்கொண்டு அசையாமல் இருந்தாள். கிட்டே போனதும் வாடையில் புரிந்துவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் தலைமைக் கவுன்சிலரிடம் ஓடினேன். குளிர்காலத்தில் பள்ளி ஆசிரியையாக இருப்பவர். அவர் சொல்லிக்கொடுத்தது இது: அவளிடம் எதுவும் கேட்காதே. மாற்றுத்துணியைப் போர்வைக்கடியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடு. எல்லோரும் கொடிக்கம்பத்துக்குப் போனதும் நீ மட்டும் பின்தங்கு. விரிப்பை உருவித் துணிப்பையின் அடியில் போடு. மெத்தையின் பிளாஸ்டிக் உறையைத் துடை. அதே நிறத்தில் இன்னொன்றை விரி. மேல்போர்வையை அவள் போட்டிருந்தபடியே போடு. மற்றப் பிள்ளைகள் திரும்பி வரும்போது கட்டில் அப்படியே இருக்க வேண்டும்.

ஆறு நிமிட வேலை. பன்னிரண்டு காலைகள் செய்தேன். கேபினில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

ஒருநாள் விடாத மழை, துவைத்த விரிப்பு எதுவும் காயவில்லை. என் பெட்டியில் அம்மா வைத்தனுப்பிய நீலக் கட்டம் போட்ட பெட்ஷீட் இருந்தது. உங்கள் ஊர்ச் சரக்குதான், கரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கியது. அதை விரித்து மேலே அவள் போர்வையைப் போட்டு மூடிவிட்டேன். மத்தியானம் ஓய்வு நேரத்தில் அவள் படுத்தாள். புதுத்துணி கையில் பட்டதும் உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்று ராத்திரி கேம்ப் ஃபயரில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

உங்கள் அப்பா கேட்கும் "ஊரான் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கவா" என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். ஆமாம், பிள்ளை பார்க்கத்தான். அதைக் குறைவான வேலை என்று நினைக்கிறவர் வகுப்பறையிலும் நல்ல வாத்தியாராக முடியாது என்பது என் கட்சி. உங்கள் பி.எட். பாடத்தில் குழந்தை உளவியல் என்று ஒரு தாள் இருக்குமே, அதில் படிக்கிறதையெல்லாம் இருபத்துநாலு மணி நேரமும் பக்கத்திலிருந்து பார்க்கிற இடம் அது.

வீட்டு ஏக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரம் ராத்திரியானால் ஒன்றிரண்டு தலையணைகள் நனையும். "அழாதே" என்று சொல்லக் கூடாது. ஏங்குவது இயல்பு என்று சொல்லி, வீட்டுக்குக் கடிதம் எழுதச் சொல்லி, மறுநாளைக்கு ஏதாவது ஒரு காரியத்தைக் கையில் கொடுக்க வேண்டும். பெற்றோர் செய்யும் பெரிய தவறு, "பிடிக்கலேன்னா சொல்லு, வந்து கூட்டிட்டு வந்துடுறேன்" என்று வாக்குக் கொடுத்து அனுப்புவது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007-ல் வெளியிட்ட அறிக்கையே அப்படிச் சொல்லாதீர்கள் என்கிறது. அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளை முதல் நாளிலிருந்தே நாளை எண்ண ஆரம்பித்துவிடும். நானும் முதல் வாரம் எண்ணினேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மழைநாளில் ஏரிக்கரைக் கூழாங்கல் ஐந்தைப் பொறுக்கி வந்து பிள்ளைகளுக்கு அஞ்சாங்கல் ஆடக் கற்றுக்கொடுத்த பிறகுதான் எனக்கே அந்த இடம் பிடிபட்டது.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை அங்கே அடியோடு விட வேண்டும். கன்னத்தைக் கிள்ளுவது, தூக்கி மடியில் வைத்துக்கொள்வது, கேட்காமல் கட்டியணைப்பது. நமக்கு அது பிரியம். அங்கே பிள்ளையைக் கேட்டுத்தான் தொட வேண்டும். பெரியவர் ஒருவரும் குழந்தை ஒன்றும் மட்டும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. முதலில் எனக்கு இது வருத்தமாக இருந்தது, என்னைச் சந்தேகப்படுகிறார்களோ என்று. பயிற்சியில் காரணம் சொன்னபோது புரிந்தது: கெட்டவன் ஒருவனுக்கும் சந்தர்ப்பம் கிடைக்கக் கூடாது என்றால் விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அதேபோல, "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" என்று ஒரு குழந்தை கேட்டால் சரி என்று சொல்லிவிடாதீர்கள். குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் தெரிவித்தே ஆக வேண்டியவர்களின் பட்டியலில் மேய்ன் சட்டம் முகாம் கவுன்சிலரையும் சேர்த்திருக்கிறது. இந்த விதிகளை நம் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீச்சல் தெரியாது என்றால் விண்ணப்பத்தில் அப்படியே எழுதுங்கள், மறைக்காதீர்கள். எனக்கும் தெரியாது. என்னை ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய படகுத்துறையில் நின்று கண்காணிக்கப் போட்டார்கள். தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி, ஜோடிக்கு ஓர் எண். விசில் அடித்ததும் ஜோடிகள் கைகோத்து உயர்த்தி வரிசையாக எண்ணைச் சொல்ல வேண்டும். ஒருமுறை பதினான்குக்கு அப்புறம் குரல் வரவில்லை. இரண்டு விநாடி இருக்கும். பதினைந்தாம் ஜோடி கரையேறித் துவட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு விநாடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

சாப்பாடு: பட்டினி கிடக்கமாட்டீர்கள். பாஸ்தா, சாலட், சீஸ், ரொட்டி, பழம் எப்போதும் இருக்கும். சோறு எப்போதாவதுதான். ஒரு டப்பா பருப்புப்பொடி போதும். ஆனால் வேர்க்கடலைப் பொருள் எதையும் கொண்டுபோகாதீர்கள். அந்த ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்தாகும் பிள்ளைகள் இருப்பார்கள்.

பணம் சேர்க்கும் வேலை இல்லை இது. ஆண்டில் 7 மாதத்துக்கு மேல் நடக்காத முகாம்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு, அதனால் மொத்தமாக ஒரு தொகை பேசிக் கொடுப்பார்கள். அமெரிக்கக் கவுன்சிலருக்குத் தருவதற்குச் சமமாக உங்களுக்கும் தர வேண்டும் என்பது விசா விதி. கையெழுத்துப் போடுமுன் அதைக் கேளுங்கள். டிக்கெட், கட்டணம் எல்லாம் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். கடன் வாங்கிப் போகிற மாதிரி இருந்தால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது அமெரிக்க முகாம் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 1910-லிருந்து இருக்கும் அமைப்பு. அந்த அங்கீகாரம் கட்டாயமில்லை, முகாம்கள் தாமாகவே கேட்டு வாங்குவது. அதனால்தான் அதைப் பார்க்கச் சொல்கிறேன்.

போகலாமா என்று கேட்டீர்கள். அமெரிக்காவைப் பார்ப்பதற்காக என்றால் வேண்டாம். வாரத்தில் ஒருநாள் லீவு, அன்றைக்கும் தூங்கத்தான் தோன்றும். பத்துப் பிள்ளைகளோடு ஏழு வாரம் இருக்க மனசு இருக்கிறது என்றால், போய்விட்டு வாருங்கள். அப்பாவிடம் நான் பேச வேண்டும் என்றாலும் பேசுகிறேன், எழுதுங்கள்.

பெட்டியில் நல்ல டார்ச் ஒன்று, மழைக்கோட்டு, கணுக்கால்வரை மூடும் சாக்ஸ். புல்லில் உண்ணி இருக்கும். லைம் என்ற காய்ச்சல் அதனால்தான் வருகிறது, தினமும் ராத்திரி பிள்ளைகளையும் உங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூனிலும் இரவில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் வையுங்கள். அப்புறம் அப்பாவிடம் சொல்லி, அவர் கம்பெனி பெட்ஷீட் இரண்டு கூடுதலாக.

அன்புடன்,
அக்கா