நலங்கு வைக்க என்னைக் கூப்பிடவில்லை

அன்புள்ள அக்கா,

எனக்கு 43 வயது. காட்பாடியில் வேலை. கணவர் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறார். குழந்தை இல்லை. சிகிச்சையெல்லாம் பார்த்துவிட்டு, போதும் என்று நாங்களே நிறுத்திவிட்டோம். நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் போன மாதம் நாத்தனார் மகளின் வளைகாப்பில் என்னை மட்டும் நலங்கு வைக்கக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். கடைசிக் காலத்தில் யார் பார்ப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது. 'வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் பிள்ளை இல்லாமல் வாழவில்லையா?' என்கிறாள் தோழி. பிள்ளை இல்லாமல் நிறைவாக வாழ முடியுமா?

ச., காட்பாடி

அன்புள்ள ச.,

வளைகாப்பில் நடந்தது தப்பு. சம்பிரதாயம் என்று சொன்னாலும் தப்புதான். அந்தப் பெண்ணுக்கு நீங்கள் அத்தை. அடுத்த விசேஷத்தில் யாரும் கூப்பிடக் காத்திராமல் எழுந்து போய்ச் சந்தனம் பூசுங்கள்.

ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியே திறந்தார். பெண் மருத்துவர் இல்லாமல் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனது அவரை இந்த வழிக்குக் கொண்டுவந்தது. ஆனால் பிள்ளை இல்லாதவர்களுக்கு அவரை உதாரணம் காட்டும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆஸ்பத்திரி கட்டினால்தான் கணக்கு நேராகும் என்பதுபோல் ஆகிவிடுகிறது. பிள்ளை பெற்றவர்களிடம் யாரும் அப்படிக் கணக்குக் கேட்பதில்லையே!

குடியாத்தத்தில் என் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் பிள்ளை இல்லை. சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் இருவரும் திண்ணையில் தாயம் ஆடுவார்கள். கட்டத்தைத் தரையிலேயே செதுக்கி வைத்திருந்தார்கள். காய்க்குப் புளியங்கொட்டை. வெட்டுப்பட்டால் சித்தி சண்டைக்கே போய்விடுவார். அன்று காபி தாமதமாகத்தான் வரும். 'பாவம், குறை தெரியாமல் இருக்க விளையாடுறாங்க' என்று தெருவில் பேசினார்கள். அவர்களுக்குத் தாயம் பிடிக்கும், ஒருவரை ஒருவர் பிடிக்கும், அவ்வளவுதான். நிறைவு என்று நீங்கள் கேட்டதும் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

கடைசிக் காலப் பயம் நியாயமானது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக ஆஸ்பத்திரி வரிசையில் உட்காரும் பெற்றோருக்கும் அதே பயம்தான். கூட வர ஆள் வேண்டுமென்றால் இப்போதிருந்தே பழக வேண்டும்: பக்கத்து வீடு, தோழி, தங்கை பிள்ளைகள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, 60 வயதான, பிள்ளையில்லாதவர்கள், தங்களைப் பராமரித்துக்கொள்ள முடியாத நிலையில், தங்கள் சொத்தை அனுபவிக்கிற அல்லது அடையப்போகிற உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம்.

அப்புறம், சொத்து. நீங்கள் இந்து என்றால் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையில்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்து வாங்கிய மனைகூட முதலில் கணவருக்குப் போகும். அவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகளுக்கு. பெற்ற அம்மாவின் முறை அதற்குப் பிறகுதான் வரும். அதனால் இரண்டு சாட்சிகளை வைத்து உயில் எழுதிவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. உங்கள் கணவரும் தனியாக ஒன்று எழுதட்டும்.