அறுவை சிகிச்சைக் காயத்தில் வைத்த டியூபோடு ஏற்காடு ஏறலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54. வலது மார்பில் புற்றுநோய். அடுத்த வாரம் சேலத்தில் மார்பகத்தையும் அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுக்கப் போகிறார்கள். நாலைந்து நாளில் டியூபோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எங்களுக்கு ஏற்காட்டில் காபி தோட்ட வேலை. மலைப்பாதையில் டியூபோடு போனால் ஆபத்து, அதை எடுக்கும்வரை கீழே அறை எடுத்துத் தங்குங்கள், நர்ஸ் வைத்துக் கட்டு மாற்றித் தருகிறேன் என்று மருத்துவமனை வாசலில் பழக்கமான ஒருவர் சொல்கிறார். காப்பீட்டு அட்டை வாங்கித் தரவும் அவரே பணம் கேட்கிறார். என்ன செய்வது?
- வாசகி, ஏற்காடு

பதில்: அம்மாவை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் அந்த டியூபை ஒன்றும் செய்யாது. மார்பகத்தை எடுத்த இடத்தில் சில நாள் நீர் சுரக்கும். அது உள்ளே தேங்காமல் வெளியே வரத்தான் டியூப். தோலோடு சேர்த்துத் தையல் போட்டிருப்பார்கள். வண்டி குலுங்கினால் கழன்று வராது, எதிலாவது மாட்டி இழுபட்டால்தான் வரும். அதனால் டியூபின் முனையில் நீர் சேரும் டப்பாவைத் தொங்கவிடாமல் சிறு துணிப்பையில் போட்டு உடையோடு ஊக்கு குத்திவிடுங்கள். காரில் போனால் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் மடித்த துண்டை வையுங்கள். பஸ் என்றால் வலது கையால் கம்பியைப் பிடிக்க வேண்டாம். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு அந்த வளைவுகளில் ஏறினால் வாந்தி வரும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும்.

டப்பாவைக் காலி செய்ய நர்ஸ் தேவையில்லை. ஆர்மோனியம் போல மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த டப்பா அமுங்கியே இருந்தால்தான் நீரை இழுக்கும். உப்பிவிட்டால் இழுக்காது. கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். டியூபில் உள்ள கிளிப்பை மூடுங்கள். மூடியைத் திறந்து நீரை அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள். டப்பாவை நன்றாக அமுக்கி, அமுக்கியபடியே மூடியைப் போட்டு, அப்புறம் கிளிப்பைத் திறந்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் மறக்கிறார்கள். இதைக் காலையிலும் மாலையிலும் செய்து, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று நோட்டில் எழுதுங்கள். சிவப்பாக ஆரம்பித்து, வெளிறி, மஞ்சளாகும். பெரும்பாலும் ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் டியூபை எடுத்துவிடுவார்கள். அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். டிஸ்சார்ஜ் சம்மரி பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் கிடைக்கிறது. டப்பாவை எப்படிக் காலி செய்வது என்று தமிழில் நாலு வரி கொடுக்க ஆளில்லை. இப்படி ஆட்கள் பிழைப்பதே அந்த நாலு வரி இல்லாததால்தான். டிஸ்சார்ஜ் அன்று வார்டு நர்ஸ் முன்னால் நீங்களே ஒருமுறை செய்து காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

திடீரென்று டப்பா நல்ல சிவப்பு ரத்தமாக நிரம்பினாலோ, நெஞ்சு ஒரு பக்கம் புடைத்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, சீழ் வாடை அடித்தாலோ நேரம் பார்க்காமல் இறங்கி வாருங்கள்.

ஒரே ஒருவகை ஆட்களை மட்டும் உடனே மலை ஏற வேண்டாம் என்பேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் பலர் எழுதுவதுமில்லை, சொல்வதுமில்லை. "சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை" என்று சொல்லிவிட்டு, அந்தச் சின்ன ஆஸ்பிரினை விட்டுவிடுவார்கள். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டைகளையும் அப்படியே பையில் போட்டு நாளைக்கே அறுவை சிகிச்சை டாக்டரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் காட்டுங்கள். சில மாத்திரைகளை ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டும், சிலவற்றை நிறுத்தவே கூடாது. எது எப்படி என்று அவர்கள் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்படி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டிஸ்சார்ஜ் ஆனபின் இரண்டு மூன்று நாள் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். ரத்தம் கசிந்தால் மலையிலிருந்து இறங்கும் நேரம் மிச்சம்.

அப்புறம் அந்த வாசல் ஆள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு நேரில் போங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் வரை செலவு அதில் அடங்கும். அனுமதி வாங்குவது அறுவை சிகிச்சைக்கு முன்பே நடக்க வேண்டும். மருத்துவமனைக்குள் இருக்கும் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். ஒரு சான்றுக்கு நோயாளியின் மகள் மூன்று ஆபீஸ் ஏறி இறங்க வேண்டியிருப்பது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அந்த எரிச்சலைக் காசாக்குகிறவனிடம் அசல் சான்றிதழ்களையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கொடுத்துவிடாதீர்கள். பணம் முழுதாகக் கொடுத்தால்தான் ஃபைலைத் தருவேன் என்று பிடித்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

ஊருக்குப் போனதும் இன்னொருவர் வருவார்: எண்ணெய் போட்டுக் கையை நீவிவிடுபவர். உள்ளே விடாதீர்கள். "கையை அசைக்காமல் வை" என்பவர்களையும் கேட்காதீர்கள். அறுவை சிகிச்சைக்கு மறுநாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்டி, முழங்கையை மடக்கி, அந்தக் கையாலேயே தலை சீவட்டும். தோளுக்கு மேலே தூக்குவது டியூப் எடுத்த பிறகு, சுவரில் விரலை நடத்தி நடத்தி. தோள் இறுகிப்போனால் ரேடியேஷனுக்குக் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க முடியாது. அதனால் சிகிச்சையே தள்ளிப்போகும். மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போவது சகஜம், பயப்பட வேண்டாம். ஒரு மாதமாவது குடம் தூக்க வேண்டாம். அக்குளில் நெறி எடுத்த கை வீங்கக்கூடியது. காபிச் செடிக் குச்சி கீறினால்கூடக் கழுவி மருந்து போட வேண்டும்; வேலைக்குத் திரும்பும்போது கையுறை அவசியம்.

தோட்டத்தில் பெண்கள் சேலைக்கு மேல் போடும் ஆண்பிள்ளைச் சட்டை இருக்கிறதே, அதில் இரண்டை இப்போதே துவைத்து வையுங்கள். முன்னால் பட்டன், தொளதொளவென்ற கை, உள்ளே டப்பாப் பைக்கும் இடம் இருக்கும். அம்மாவுக்குப் புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தட்டும், காயம் ஆறாது. அக்குளை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம்.

எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அது வந்துவிட்டது என்று யாரும் போன் செய்து சொல்லமாட்டார்கள். ஆய்வகத்தில் கிடந்து தூசி பிடிக்கும். டியூப் எடுக்கப் போகும் அன்றே கேட்டு வாங்கி, ஈஆர், பிஆர், ஹெர்-2 (எந்த மருந்து கட்டியில் வேலை செய்யும் என்று காட்டும் சோதனைகள்) மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதைக் காட்டி, கீமோ உண்டா, ரேடியேஷன் உண்டா, எந்தத் தேதியில் வரவேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு மலை ஏறுங்கள்.