நாயகனை நல்லவனாக்க வேண்டாம், தங்கச்சி
உங்கள் தொடர்கதையில் அந்தப் பாளையங்கோட்டை வட்டிக்காரன் நாயகியின் போனை வேவு பார்க்கிறான், அவளோ அவன் அண்ணனை ஆற்றில் தள்ளியதை மறைக்கிறாள். பாதிப் பேர் திட்டுகிறார்கள், மீதிப் பேர் ‘இப்படி ஒருத்தன் கிடைக்கணும்’ என்று உருகுகிறார்கள், யாருக்காக மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். யாருக்காகவும் மாற்றாதீர்கள். திட்டுகிறவர்கள் கதையைச் சரியாகத்தான் படிக்கிறார்கள். உருகுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை, ஏனென்றால் அவன் போனைத் திருப்பித் தரும் இடத்தில் அவன் சிரிப்பை அவ்வளவு வர்ணிக்கிறீர்கள், அவள் கை நடுங்கியதா என்று ஒரு வரி இல்லை. அதை எழுதுங்கள். அப்புறம், தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகன் கோயிலே முங்கிக் கிடக்கும், கார்த்திகை வெள்ளத்தில் அந்த மண்டபத்தில் நின்று காதல் பேசுகிறார்களாம்! நம்ம ஊர்க்காரர்கள் கொலையை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.